சுருக்கச் சொன்னவள்

அந்தக் கணினி விளையாட்டு நிறுவனத்தில் அக்காவும் தங்கையும் ஒரே மாடியில் வேலை பார்த்தார்கள். அக்கா தயாரிப்பு மேலாளர். எந்த வேலை எப்போது முடிய வேண்டும், எது யார் தலையில் விழ வேண்டும் என்பதெல்லாம் அவள் கையில் இருந்தது. தங்கை பார்த்த வேலையை வெளியாட்களுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டில் பெரியவள், சின்னவள் என்று கூப்பிட்டுப் பழகியது எப்படியோ அலுவலகத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. முதலாளிகூட, "பெரியவங்களைக் கூப்பிடுங்க" என்றுதான் சொல்வார்.

அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்த விளையாட்டு ஒரு துறைமுக நகரத்தில் நடப்பது. மரம் நடுவது, விளக்கு மாட்டுவது, சுவரை நகர்த்துவது, குவிந்து கிடக்கும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவது போன்ற சில்லறை வேலைகளுக்கெல்லாம் சொன்னதைத் தானே செய்து முடிக்கும் ஓர் ஏஐ ஏஜென்ட்டை வைத்திருந்தார்கள். எல்லோரும் அதைத் 'தம்பி' என்றார்கள். அலுவலகத்தில் நடந்து திரிந்து நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தம்பிக்கு வழியில்லை. அவனுக்குக் கொடுத்திருந்த கருவிகளும், ஒவ்வொரு கருவியோடும் சேர்த்து எழுதியிருந்த விளக்கமும்தான் அவனுக்குத் தெரிந்த உலகம். இந்தக் கருவி என்ன செய்யும், எப்போது எடுக்க வேண்டும், எப்போது கிட்டேயே போகக் கூடாது என்று அந்த விளக்கங்களை எழுதுவதுதான் சின்னவளின் வேலை.

"சுத்தியலுக்கு மேல சுத்தியல்னு எழுதி ஒட்டற வேலையா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள்.

"அதேதான்மா. ஆணியை அடி, விரலை அடிக்காதேன்னும் சேர்த்து எழுதணும்."

அவள் வருவதற்கு முன்னால் புரோகிராமர் ஒருவர் போகிற போக்கில் விளக்கம் எழுதிவைத்திருந்தார். 'உயரத்தில் வை' என்று ஒரு கருவி. எங்கிருந்து உயரம், தரையிலிருந்தா கடல் மட்டத்திலிருந்தா என்று சொல்லவில்லை. தம்பி சந்தையிலிருந்த குதிரைகளையெல்லாம் கூரைமேல் ஏற்றி நிறுத்தினான். 'திருப்பு' என்ற கருவியில் எவ்வளவு என்பதற்கு அளவு சொல்லவில்லை; ஒரு சாலை முழுக்க மரங்கள் வேரை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றன. புரோகிராமர் தம்பியை மடையன் என்று திட்டினார். சின்னவள் விளக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, "இதை நம்பி வேலை செஞ்சா நானும் குதிரையைக் கூரையிலதான் கட்டியிருப்பேன்" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அவள் விளக்கத்தைத் திருத்தி எழுதிய பிறகு குதிரைகள் தரையிறங்கின.

அந்த நகரத்தைக் கட்டியவரை அலுவலகம் 'மேஸ்திரி' என்று அழைத்தது. நடு வயது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். புதுத் தெரு ஒன்றைத் தொடங்கினால் அதைத் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இழைப்பார். முழுத் திருப்தி வந்த பிறகுதான் நகரத்தின் பெரிய வரைபடத்தோடு இணைப்பார். "பாதி வெந்ததை யாராவது பரிமாறுவாங்களா?" என்பார்.

பயன்படாத கோப்புகளை நீக்கும் கருவிக்கு விளக்கம் எழுத வேண்டி வந்தபோது, சின்னவள் அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவரைக் கேள்வி கேட்டே துளைத்தெடுத்தாள். பிறகு இப்படி எழுதினாள்: 'இந்தக் கருவி கோப்பை அடியோடு அழித்துவிடும், திரும்பப் பெற முடியாது. ஒரு கோப்பு வரைபடத்தோடு இணைக்கப்படவில்லை என்பதற்காக அது பயன்படாதது என்று முடிவு செய்யாதே. யாரோ அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். உரியவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே அழி.'

மேஸ்திரி அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டுக்குக் காவல் போட்ட மாதிரி இருக்கும்மா" என்றார்.

விளையாட்டில் பணம் போடுகிறவர்கள் வந்து பார்க்கும் வாரம் நெருங்கியது. அந்தச் சமயம் பார்த்து மேஸ்திரியின் மனைவிக்கு ஆபரேஷன். அவர் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் இருந்தார். இங்கே சேமிப்பகம் நிரம்பி வழிந்தது. பழைய கோப்புகளை நீக்கச் சொன்னால், தம்பி ஒவ்வொரு கோப்புக்கும் நின்று, உரியவர் பதிலுக்குக் காத்திருந்தான். ஆஸ்பத்திரியில் இருப்பவர் எதைப் பார்த்துப் பதில் சொல்வார்? வேலை அப்படியே முடங்கிக் கிடந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுச் சமையலறையில் அக்கா பாத்திரம் தேய்த்துக் கொடுக்க, தங்கை துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அந்த நீக்கற டூலோட விளக்கத்தைக் கொஞ்சம் சுருக்குடி. அனுமார் வால் மாதிரி இருக்கு."

"எதைக்கா சுருக்கச் சொல்றே?"

"கேளு கேளுன்னு எழுதியிருக்கியே, அதைத்தான். அவன் கேட்டுக்கிட்டே உட்கார்ந்திருக்கான்."

"அது எச்சரிக்கைக்கா. அதையா எடுக்கச் சொல்றே?"

"அதுதான்டி தொந்தரவே. ஒரு வாரத்துக்கு எடு, அவங்க வந்துட்டுப் போனதும் திரும்பப் போட்டுக்கோ."

சின்னவள் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "மேஸ்திரியோட கோப்பெல்லாம் இணைக்காம கிடக்கும்க்கா. அவன் பாட்டுக்குத் துடைச்சுட்டா?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. அப்படியே ஆனாலும் நான் பதில் சொல்லிக்கறேன். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல. அப்பா போன பிறகு பெரியவள் எத்தனையோ முறை சொன்ன சொல் அது. பள்ளிக்கூடத்தில் சின்னவளை யாரோ அடித்தபோது சொன்னாள், நேர்முகத் தேர்வுக்குப் போகப் பயந்து வாசலிலேயே நின்றபோது சொன்னாள். ஒருமுறைகூட அந்தச் சொல் பொய்த்ததில்லை. அதனால் மறுநாள் காலை சின்னவள் அந்த வரிகளை எடுத்துவிட்டாள். 'பயன்படாத கோப்புகளை நீக்கி இடத்தை மிச்சப்படுத்தும்' என்ற ஒரே வரி மட்டும் மிஞ்சியது. அதைப் பார்க்கவே வெட்டவெளியில் நிற்பதுபோல் இருந்தது. இருந்தாலும் அக்கா சொல்லியிருக்கிறாள் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள்.

தம்பி சொன்னதைச் செய்தான். சேமிப்பகத்தில் தாராளமாக இடம் கிடைத்தது. பணம் போடுகிறவர்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கைதட்டிவிட்டுப் போனார்கள்.

மேஸ்திரி வேலைக்குத் திரும்பிய அன்று காலை தன் இடத்தில் உட்கார்ந்து, மாதக்கணக்கில் இழைத்துக்கொண்டிருந்த துறைமுகத் தெருவைத் திறந்தார். திறக்க ஒன்றும் இல்லை. மறுபடி தேடினார். பழைய நகல் ஒன்று கிடைத்தது. ஆனால் அது தெருவை அவர் தொடங்கிய காலத்தில் எடுத்தது, வெறும் சுவர்கள் மட்டும் இருந்தன. அவர் சத்தம் போடவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, திரும்பவும் அதே இடத்தைத் திறந்து பார்த்தார்.

சின்னவள் நேராக அக்காவிடம் ஓடினாள்.

"தெரியும்" என்றாள் பெரியவள். "மத்தியானத்துக்கு மேல முதலாளி மீட்டிங் போட்டிருக்கார். நீ பதறாதே. நான் பேசிக்கறேன்."

அன்று மதியம் இருவரும் சேர்ந்தே சாப்பிட்டார்கள். சின்னவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். பெரியவள் தன் டப்பாவிலிருந்து எடுத்து அவள் தட்டில் வைத்து, "சாப்பிடுடி, வெறும் வயித்தோட எல்லாமே பெருசாத்தான் தெரியும்" என்றாள்.

மீட்டிங்கில் முதலாளி குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேஸ்திரி ஓரத்து நாற்காலியில் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எச்சரிக்கையை விளக்கத்துல இருந்து எடுத்தது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் சின்னவள். சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்தாள். அடுத்துப் பேச வேண்டியது அக்கா.

பெரியவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "சுருக்கச் சொன்னது நான்தான் சார், இல்லைன்னு சொல்லலை. விளக்கம் நீளமா இருக்கு, கொஞ்சம் குறைன்னு சொன்னேன். எச்சரிக்கையவே தூக்கிடுவாள்னு நான் எதிர்பார்க்கலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

சின்னவளுக்கு முதலில் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. அக்காவின் முகத்தையே பார்த்தாள். அக்கா முதலாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்கூடத் தடுமாறாமல், வேலை அட்டவணை வாசிக்கும் அதே குரலில் சொல்லி முடித்திருந்தாள்.

"இவ்வளவு அனுபவம் இருந்தும் இப்படியா?" என்று முதலாளி சின்னவளைக் கேட்டார். நாலு பேர் முன்னால் அக்காவை மறுத்துப் பேசி அவளுக்குப் பழக்கமே இல்லை.

அதுவரை வாய் திறக்காத மேஸ்திரி, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்தத் தெருவுல படிக்கட்டு ஒவ்வொண்ணையும் வேற வேற மாதிரி தேய்ச்சு வச்சிருந்தேன். மீன் கூடை தூக்கறவங்க எந்தப் பக்கம் கால் வைப்பாங்கன்னு யோசிச்சு."

முதலாளி முடிவைச் சொன்னார். இனிமேல் சின்னவள் எழுதும் ஒவ்வொரு விளக்கத்தையும் பெரியவள் படித்து ஒப்புதல் கொடுத்த பிறகே தம்பிக்குப் போக வேண்டும்.

வழக்கமாக இருவரும் அக்காவின் ஸ்கூட்டரில்தான் வீடு திரும்புவார்கள். அன்று சின்னவள் பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் உட்காராமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். ஏதோ ஒரு காரணம் இருக்கும், வீட்டுக்குப் போனதும் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்பாள், அழுவாள், தானும் அழுதுவிடலாம் என்று வழி நெடுக நினைத்தாள்.

அம்மா கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்த்ததும், "வாடி, முகம் கழுவிக்கோ" என்றாள். பிறகு அவளே ஆரம்பித்தாள். "மனசுல வச்சுக்காதேடி. பெரியவ அழுதா, பாவம். அவளுக்கு வேற வழி தெரியலை."

"அக்கா வந்துட்டாளா?"

"இன்னும் வரலை. காலையிலேயே போன்ல சொன்னா."

சின்னவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "காலையிலயா? மீட்டிங் மத்தியானத்துக்கு மேலதானேம்மா நடந்துச்சு."

அம்மாவின் கை முந்தானையைத் தேடியது.

"என்ன சொன்னா?"

"இப்படி ஆயிடுச்சு, உன் பேரைச் சொன்னாத்தான் தப்பிக்க முடியும்னு... நான் என்னடி சொல்ல முடியும்? நீ தாங்கிக்குவேன்னுதான் சொன்னேன்."

அப்படியென்றால் மதியம் தட்டில் எடுத்து வைத்துச் சாப்பிடச் சொன்னபோதே எல்லாம் முடிவாகியிருந்தது. அம்மாவுக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியும். தெரியாமல் போனது மாட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மட்டும். மீட்டிங்கில் வராத அழுகை இப்போது முட்டிக்கொண்டு வந்தது. அதை அம்மாவுக்குக் காட்ட அவளுக்குப் பிடிக்கவில்லை. குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள்.

பெரியவள் வந்தபோது சின்னவள் பேச்சை வளர்க்காமல் நேராகவே கேட்டாள். "ஏன்க்கா?"

"உன்னைத் திட்டுவாங்க, அவ்வளவுதான். வேலையை விட்டு அனுப்ப மாட்டாங்க. என்னைன்னா பதவியையே பிடுங்கியிருப்பாங்க. ஏற்கனவே எப்படா சறுக்குவேன்னு பார்த்துக்கிட்டிருக்காங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் அடி வாங்கியே ஆகணும்னா, கம்மியா வலிக்கறவ வாங்கறதுதானே புத்திசாலித்தனம்?"

"எனக்குக் கம்மியா வலிக்கும்னு யார் சொன்னா?"

பெரியவள் ஸ்கூட்டர் சாவியை ஆணியில் மாட்டினாள்.

"முன்னாடியே கேட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன்க்கா. உனக்காகன்னா சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"கேட்டா ஒத்துக்குவியா மாட்டியான்னு எனக்குத் தெரியலை."

"இத்தனை வருஷம் கூட இருந்துமா தெரியலை?"

"நான் உனக்குச் செஞ்சதையெல்லாம் ஒரு நாளாவது சொல்லிக் காட்டியிருக்கேனா?" என்றாள் பெரியவள். சொல்லிக் காட்டியது அதுதான் முதல் முறை. அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சின்னவள் முதலாளி அறைக்குப் போனாள். போவதற்கு முன் அக்காவின் மேசைக்குப் போய், "நடந்ததைச் சொல்லப் போறேன். வர்றதா இருந்தா வா" என்றாள். பெரியவள் வந்தாள். சின்னவள் சமையலறையில் நடந்த பேச்சை ஒன்றுவிடாமல் சொன்னாள். பெரியவள் குறுக்கே பேசவில்லை, நேராக மறுக்கவும் இல்லை. "எனக்கு அப்படிச் சொன்ன ஞாபகம் இல்லை சார்" என்று மட்டும் சொன்னாள்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எங்க நடந்த பேச்சு?"

"வீட்டுல, சமையலறையில சார்."

"அப்ப அதைச் சமையலறையிலேயே முடிச்சுக்கங்க. அக்கா தங்கச்சி சண்டையை ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க."

உண்மையைச் சொன்னால் மூச்சு விடலாம் என்று நினைத்திருந்தவளுக்கு, அதுவும் குடும்பச் சண்டையாகச் சுருங்கிப்போனது தாங்கவில்லை.

மேஸ்திரியிடம் பேசாமல் இருக்கவும் முடியவில்லை. அவர் வெறும் சுவர்களை வைத்துக்கொண்டு தெருவை மறுபடி தொடங்கியிருந்தார். அவர் பக்கத்தில் போய் நின்று, "ஐயா, அந்த வரியை எடுத்தது நான்தான்" என்றாள்.

"தெரியும். மீட்டிங்ல சொன்னியே."

"மன்னிப்புக் கேட்க வந்தேன்."

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு சுவரை நகர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார். "அந்த வரியை எழுதறதுக்கு என்னை எவ்வளவு குடைஞ்சே? அதை நீயா எடுத்திருப்பேன்னு நான் எப்படிம்மா நம்பறது? யாரு எடுக்கச் சொன்னா?"

சின்னவள் சொன்னாள். இந்த முறை கண்ணீர் நிற்கவில்லை. தன் வீட்டில் கிடைக்காத ஆதரவு, இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசாத இந்த மனிதரிடம் கிடைத்ததை அவளால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

"எடுக்கச் சொன்னதும் எடுத்தியே, அந்தக் கோபம் எனக்கு இருக்கு" என்றார் மேஸ்திரி. "அது போக நாளாகும். நீ உட்காரு. கப்பல் துறைக்குப் போற சந்து எந்தப் பக்கம் வளைஞ்சுதுன்னு எனக்கே மறந்துபோச்சு. உனக்கு ஞாபகம் இருக்கா?"

இருந்தது. அவள் உட்கார்ந்தாள்.

தெருவை மீட்கும் வேலையோடு இன்னொரு வேலையையும் அவள் செய்தாள். குதிரைகளைக் கூரையில் ஏற்றவைத்த அந்தப் புரோகிராமரைப் பிடித்துக்கொண்டாள். "விளக்கத்துல என்ன எழுதினாலும் நாளைக்கு ஒருத்தர் வந்து அழிச்சுட்டுப் போயிடலாம். தம்பிகிட்ட அழிக்கற டூலே இருக்க வேண்டாம். அவன் ஒதுக்கி வைக்கட்டும். ஒதுக்கினதை அழிக்கறது அந்தக் கோப்புக்கு உரியவர் கையாலதான் நடக்கணும்" என்றாள். புரோகிராமர் தலையைச் சொறிந்தார், சேமிப்பகம் பிதுங்கும் என்று முனகினார், ஆனால் செய்து கொடுத்தார். புதுக் கருவிக்கு விளக்கம் எழுதுவது சுலபமாக இருந்தது. 'கோப்பை ஒதுக்கிடத்துக்கு மாற்றும், எதையும் அழிக்காது. மாற்றியதை உரியவருக்குத் தெரிவி.' பயமுறுத்த வேண்டிய அவசியமே அதில் இல்லை.

ஒப்புதலுக்கு அது பெரியவளிடம் போனது. அவள் படித்துவிட்டு, எழுந்து தங்கையின் மேசைவரை வந்தாள்.

"நல்லா எழுதியிருக்கே" என்றாள்.

"சுருக்கணுமா?" என்று சின்னவள் கேட்டாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை, வேலை முறைப்படி கேட்க வேண்டிய கேள்வி அது. ஆனால் பெரியவளின் முகம் வெளுத்துவிட்டது. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள்.

துறைமுகத் தெரு மறுபடி எழுந்தது. பழையதுபோல் இல்லை என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டே இருந்தார். பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. விளையாட்டு வெளிவந்து நன்றாகவே போனது. பெரியவளுக்கு இன்னும் உயர்ந்த பதவி கிடைத்தது; வாழ்த்தச் சென்றவர்கள் வரிசையில் சின்னவளும் போய்க் கைகுலுக்கிவிட்டு வந்தாள்.

அதற்கு முன்பே அவள் வீட்டை விட்டு வந்துவிட்டிருந்தாள். அலுவலகத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஒற்றை அறை. சாமான் ஏற்றிய அன்று அம்மா, "ஊர் என்னடி சொல்லும்?" என்று கேட்டாள். "ஆபீசு கிட்டன்னு சொல்லிடும்மா. அதுவும் உண்மைதான்" என்றாள் சின்னவள். பெரியவள் தானாகவே வந்து, ஸ்டூல்மேல் ஏறி, புது அறைக்குத் திரைச்சீலை மாட்டிக் கொடுத்தாள். கீழே இறங்கியதும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சின்னவள் காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள். "இந்தப் பக்கம் வெயில் நேரா அடிக்கும், கொஞ்சம் கெட்டித் துணியா வாங்கிப் போடு" என்று சொல்லிவிட்டு, பெரியவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

இப்போதும் இருவரும் பேசிக்கொள்கிறார்கள். வாரத்தில் ஒருமுறையாவது போன் வரும். அம்மாவின் முழங்கால் வலி, மொட்டைமாடித் தொட்டியின் ஒழுகல், எந்த டாக்டரிடம் காட்டலாம் என்பதுவரை எல்லாம் பேசுவார்கள். யார் கேட்டாலும் பாசமான அக்கா தங்கை என்றுதான் சொல்வார்கள். சென்ற மாதம் சின்னவள் காய்ச்சலில் படுத்துவிட்டாள். மாத்திரை வாங்கித் தரச் சொல்லி மேஸ்திரியின் மனைவிக்குத்தான் போன் செய்தாள். எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகு அக்கா அழைத்து, "எப்படி இருக்கே?" என்று கேட்டபோது, "நல்லா இருக்கேன்க்கா" என்றாள்.